கேள்வி-பதில்: நிறுத்திவைத்த ஓராண்டுக் கூடுதல் கணக்கில் வருமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் கலிஃபோர்னியாவின் 1172.75 பிரிவைப் பற்றியவைதான். முன்பு சிறையில் இருந்ததற்காக 2020-க்கு முன் கூட்டிய ஓராண்டுத் தண்டனை பெரும்பாலும் செல்லாது, அப்படிப்பட்டவர்களின் தண்டனையைத் திரும்ப நிர்ணயிக்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு அது.

கே: தம்பிக்கு 2015-ல் தண்டனை. இரண்டு பிரிசன் பிரையர் (முந்தைய சிறைவாசத்துக்கான ஓராண்டுக் கூடுதல்) இருந்தது, இரண்டும் ரத்தாகிவிட்டதால் தண்டனை மறுநிர்ணயம் கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?

ப: ரத்தா, நிறுத்திவைப்பா? ஒவ்வொரு முறையும் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. கோர்ட் ஒரு தண்டனையை நிறுத்திவைத்தாலும் நீக்கினாலும் நாம் எல்லாவற்றையும் ‘ரத்து’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அந்த ஒரு சொல்லை நம்பி சிறையில் இருப்பவரும் குடும்பமும் வருடக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள். முதலில் அப்ஸ்ட்ராக்டை, அதாவது தண்டனை விவரம் அடங்கிய நீதிமன்றப் படிவத்தை, எடுங்கள். அதில் மூன்றாவது கட்டத்தில் 667.5(பி) என்று இருக்கும், அதுதான் இந்த ஓராண்டுக் கூடுதல், பக்கத்தில் ‘எஸ்’ என்று போட்டிருந்தால் நிறுத்திவைப்பு. ‘பி.எஸ்.’ என்றால் தண்டனையை மட்டும் நீக்கியது, அது வேறு கதை. கூடுதலையே அடியோடு நீக்கியிருந்தால் அந்தப் படிவத்தில் அது வரவே கூடாது.

நிறுத்திவைத்தது ஏன் என்றால், பெரும்பாலும் அதே பழைய வழக்குக்கு, அது கடுங்குற்றம் என்று, ஐந்தாண்டுக் கூடுதலும் போட்டிருப்பார்கள். ஒரே பழைய தண்டனைக்கு இரண்டையும் போட முடியாது என்று 1993-லேயே தீர்ப்பு இருக்கிறது. அப்போது ஓராண்டை நீக்கியிருக்க வேண்டும், ஆனால் பல நீதிபதிகள் நிறுத்திவைத்ததோடு விட்டுவிட்டார்கள். 1172.75-ல் உள்ள ‘விதிக்கப்பட்ட’ என்ற சொல்லுக்குள் இது அடங்குமா என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றன. 2025 ஜூனில் ரோடியஸ் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: 2020-க்கு முன் விதித்த கூடுதல் என்றால், நிறைவேற்றியதோ நிறுத்திவைத்ததோ, இரண்டும் தகுதிதான்.

அந்த ஓராண்டால் உங்கள் தம்பி ஒரு நாள்கூட அதிகமாக உள்ளே இருக்கவில்லை, சரி. ஆனாலும் அதை வைத்துத்தான் முழுத் தண்டனையையும் நீதிபதி திரும்பப் பார்க்க வேண்டும், இடையில் வந்த புதிய சட்டங்களையும் சேர்த்து. முன்பே ‘தகுதியில்லை’ என்று உத்தரவு வந்திருந்தால் அதையும் அப்ஸ்ட்ராக்டையும் எடுத்துக்கொண்டு, தண்டனை கொடுத்த கவுண்டியின் (மாவட்டத்தின்) பப்ளிக் டிஃபெண்டரிடம், அதாவது அரசு தரும் வக்கீலிடம், போங்கள்.

கே: நாங்களே மனுப் போடலாமா? எழுதித்தர ஒருவர் பணம் கேட்கிறார்.

ப: கொடுக்காதீர்கள். இந்தப் பிரிவில் சிறைத்துறை பெயரை நீதிமன்றத்துக்கு அனுப்பினால்தான் வேலை தொடங்கும், கைதியின் சொந்த மனுவை வைத்து இல்லை. வக்கீலையும் நீதிமன்றமே நியமிக்கும்.

கே: திரும்பப் பார்க்கப்போய் தண்டனை கூடிவிட்டால்?

ப: கூடாது. சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. குறைத்தால் பொதுமக்களுக்கு ஆபத்து என்று தெளிவான, உறுதியான சாட்சியம் இருந்தால் மட்டும் குறைக்காமல் விடலாம்.

கே: அண்ணனுக்குக் கிடைக்குமா? உடனே சொல்லவும்.

ப: எந்த வருடத் தண்டனை, என்ன பிரிவு, எந்தக் கவுண்டி, எதுவுமே எழுதாமல் உடனே எப்படிச் சொல்வது? அப்ஸ்ட்ராக்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கே: கணவருக்கு இருப்பது ஐந்தாண்டுக் கூடுதல். அதுவும் போய்விடுமா?

ப: தானாகப் போகாது. அது 667(ஏ), இந்தச் சட்டம் அதைத் தொடவில்லை, ஸ்ட்ரைக்கையும் (பழைய கடுங்குற்றத்தைக் காட்டிப் புதிய தண்டனையைக் கூட்டும் விதி) தொடவில்லை. ஆனால் அவருக்கு ஓராண்டுக் கூடுதலும் இருந்து முழுத் தண்டனையும் திரும்பப் பார்க்கப்பட்டால், அந்த ஐந்தை நீக்க நீதிபதிக்கு 2019 முதல் அதிகாரம் உண்டு. நிறுத்திவைத்த ஓராண்டு ஏதும் பக்கத்தில் இருக்கிறதா என்று மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள் அம்மா, இருந்தால் உடனே பப்ளிக் டிஃபெண்டருக்கு எழுதுங்கள்.

கே: பழைய வழக்கு பாலியல் வன்முறைக் குற்றம் என்றால்?

ப: அந்தக் கூடுதல் அப்படியே செல்லும். இந்தப் பிரிவில் வழியில்லை.