அது சாம்பல் மரம் அல்ல

வணக்கம் அக்கா,
கனடாவில், ஸ்கார்பரோவில் வீடு வாங்கி மூன்று வருடம். பின்வளவில் பெரிய மரம் ஒன்று நிற்கிறது. சாம்பல் மரமாம், வண்டு பிடிக்குமாம், தறிக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அந்த மரம்தானா என்று எப்படி அறிவது? நம் ஊர் மரமும் இல்லையே, தறித்துவிடவா?
— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,
பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது ஆங்கிலத்தில் ஆஷ் (ash) எனும் மரம். அதில் கிளையும் இலையும் நேருக்கு நேர் சோடியாக வரும். ஒரு காம்பில் ஐந்து முதல் பதினொன்று வரை சிற்றிலைகள். விதை ஒற்றைச் சிறகோடு துடுப்புப் போலத் தொங்கும். மேப்பிளுக்கு இரட்டைச் சிறகு. அவ்வளவுதான்.

'சாம்பல் மரம்' என்பதை மட்டும் இன்றோடு விடுங்கள். யாரோ அகராதியைப் புரட்டிச் செய்த வேலை. ஆங்கிலத்தில் மரத்தின் ஆஷ் வேறு, அடுப்பின் ஆஷ் வேறு, வேர்ச்சொல்லே வேறு. பழைய ஆங்கிலத்தில் இந்த மரத்தின் பெயர் ஈட்டிக்கும் பெயர். ஈட்டிக் காம்பு இதில்தான் செய்தார்கள். சாம்பல் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, எரிப்பதற்கென்றே நிற்கும் மரம் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறோம். ஆஷ் என்றே சொல்லுங்கள்.

'நம் ஊர் மரமும் இல்லையே' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம் வந்தது. ஆஷ் மல்லிகைக் குடும்பம், தம்பி! அம்மம்மாவின் கிணற்றடியில் மல்லிகைப் பந்தல் இருந்தது. இருட்டில் மொட்டுப் பறிக்கும்போது கொடியைத் தடவிக்கொண்டே போவேன்; இங்கே ஒரு இலை என்றால் எதிரே ஒன்று. தங்கை வீட்டுக்கு ஸ்கார்பரோ வந்தபோது ஆஷ் கிளையொன்றை வளைத்துப் பிடித்தேன். அதே சோடி. கை சட்டென்று நின்றுவிட்டது.

அதே தெருவில் தறித்துப் போட்ட ஆஷ் கட்டை ஒன்று. பட்டை கையோடு கழன்று வந்தது. உள்ளே முழுக்க நெளிநெளியான தடங்கள், மரத்தூள் அடைத்தபடி. இலை சமைத்த உணவு இறங்கும் வழியைப் புழு தின்று தீர்த்திருந்தது. வண்டு வெளியேறிய துளைகள் அரைநிலா வடிவில், பயறளவு. இது 2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலும் கனடாவின் வின்ட்சரிலும் கண்ட மரகதப் பச்சை வண்டு. கோடிக்கணக்கான ஆஷ்களைக் கொன்றுவிட்டது. சதுப்பில் வளரும் கறுப்பு ஆஷை அடித்து நார் உரித்துக் கூடை பின்னுகிறவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகளான மோஹாக் மக்கள். அவர்களுக்கு மரம் போனால் தொழிலும் போகிறது.

உங்கள் மரத்துக்கு வழி இருக்கிறது. கனடாவில் ஆஷின் அடிமரத்தில் ஏற்றும் மருந்தொன்று வேப்பங்கொட்டையில் எடுத்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். உச்சி காய்ந்தபின் ஏற்றிப் பயனில்லை. நாளைக் காலையே பின்வளவுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். உச்சிக் கிளைகள் பச்சையாக இருந்தால் மரம் பார்க்கிறவரைக் கூப்பிடுங்கள், கோடாலிக்காரரை அல்ல.