டிசம்பருக்கு நிலம் தருகிறேன் என்கிறார், ரேண்ட் அனுப்பலாமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். அக்கா சென்னையில், தம்பி மொரீஷியஸில், பிள்ளைகள் கேப்டவுனில். இந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு எல்லோரும் செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் கூடுவதாகத் திட்டம், 25 பேர் வரை வருவோம். அங்கே பழக்கமான ஒருவர் டிசம்பர் முழுவதற்கும் நிலம், மரம், குடில், பனி எல்லாம் சேர்த்து 1,500 ரேண்ட் கேட்கிறார். வங்கிக் கணக்குக்கு இஎஃப்டி (மின்னணுப் பணமாற்று) அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா? போன ஆண்டு வேறொருவர் இடத்தில் நான் வைத்த மரம் ஒரே இரவில் காணாமல் போயிற்று. அதனால்தான் பயம்.

பதில்: அனுப்பாதீர்கள், சகோதரி. அவர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். செகண்ட் லைஃபில் வாடகையை அந்த உலகத்தின் பணமான லிண்டன் டாலரில், அந்த நிலத்திலேயே நிற்கும் வாடகைப் பெட்டியில் கட்டுவார்கள். வெளியே வங்கியில் போட்ட ரேண்டுக்கு அந்த உலகத்துக்குள் ஒரு சுவடும் இருக்காது. சுவடு இருந்தாலும் பெரிய பயனில்லை. பயனர்களுக்குள் நடக்கும் வாடகைத் தகராறில் அந்த உலகத்தை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் தலையிடுவதில்லை. 2003-இல் திறந்த உலகம் இது. இத்தனை ஆண்டாகியும் வாடகைக்கு இருப்பவர் போய் முறையிட ஓர் இடம் இல்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. ஆகவே பணம் கொடுக்கும் முன் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் அந்த நிலத்துக்கே போங்கள். தரையை வலது கிளிக் செய்து "அபௌட் லேண்ட்" திறங்கள். முதல் பக்கத்தில் ஓனர் பெயர் இருக்கும். பிறகு வாடகைப் பெட்டியை வலது கிளிக் செய்து, எடிட்டில் அந்தப் பெட்டியின் ஓனர் யார் என்று பாருங்கள். நீங்கள் கட்டும் பணம் பெட்டியின் ஓனருக்குத்தான் போகும். இரண்டு பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால், "கவனன்ட்" பக்கத்தில் நில உரிமையாளர் எழுதிவைத்த நிபந்தனைகளில் பெட்டியின் ஓனர் மேலாளர் என்று இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அவர் பிறர் நிலத்தில் பெட்டி நட்டு வசூல் செய்கிறவர். அவருடைய புரொஃபைலில் கணக்கு தொடங்கிய தேதியையும் பாருங்கள். நவம்பரில் பிறந்த அவதாருக்கு (அங்கே நடமாடும் நம் உருவம்) டிசம்பரில் வாடகைக்கு விட நிலம் எங்கிருந்து வந்தது?

அதே கவனன்ட் பக்கத்தில், பல மனைகள் அடங்கிய நிலப்பகுதியான ரீஜன் எந்த வகை என்றும் போட்டிருக்கும். "ஹோம்ஸ்டெட்" என்று இருந்தால் அங்கே ஒரே நேரத்தில் 20 அவதார்தான் நிற்க முடியும். உங்கள் 25 பேரில் ஐந்து பேர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். இந்த எண்ணிக்கை உங்கள் மனைக்கு மட்டுமானது அல்ல, 256 மீட்டருக்கு 256 மீட்டர் உள்ள முழு ரீஜனுக்கும் சேர்த்துத்தான். பக்கத்து மனையில் அன்றிரவு விருந்து நடந்தால் அவர்களும் இதே கணக்கில் வருவார்கள். இதைச் சொல்லாமல் "எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம்" என்று பேசும் தரகர்கள் டிசம்பரில்தான் அதிகம்.

பணக் கணக்குக்கு வருவோம். ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 250 லிண்டன் டாலர் கிடைக்கும். 1,500 ரேண்ட் என்றால் இருபதாயிரத்தை ஒட்டி வரும். மாதம் சுமார் 12 அமெரிக்க டாலருக்குப் பிரீமியம் உறுப்பினரானால் 1,024 சதுர மீட்டர் வரை தனி நிலக்கட்டணம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஒரு பொருள் நிலத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற கணக்கு லேண்ட் இம்பாக்ட்; அதில் 351 லேண்ட் இம்பாக்ட் வரை பொருள் வைக்க இடமுண்டு; மரம், குடில், நாற்காலிகளுக்குப் போதும். வாங்குவதற்கு முன் ஒவ்வொரு பொருளின் இம்பாக்ட் எண்ணையும் பாருங்கள், ஒரே மரம் 60 தின்றுவிடுவதும் உண்டு. வாடகைதான் வேண்டும் என்றால் வாரா வாரம் கட்டுங்கள். நில உரிமையாளர் லிண்டன் லேபுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டால் ரீஜனே மறைந்துவிடும். அப்போது நஷ்டம் ஒரு வாரப் பணத்தோடு போய்விடும்.

லிண்டன் டாலரை அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். மலிவாகத் தருகிறேன் என்பவர் விற்பது பெரும்பாலும் திருட்டு அட்டையில் வாங்கிய பணம். அது பிடிபட்டால் முடங்குவது உங்கள் கணக்கு. டிசம்பர் 10-க்குள் வாங்கிவிடுங்கள். புதிய கணக்கின் முதல் கொள்முதலைப் பரிசீலனை என்று சொல்லி நிறுத்திவைப்பதுண்டு. நம்மூர் வங்கிகளும் வெளிநாட்டு இணையப் பரிமாற்றம் என்றதும் அட்டையைத் திருப்பி அடிக்கும். செயலியில் அதை முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டும் என்று எந்த வங்கியும் தானாகச் சொல்வதில்லை.

இனி உங்கள் மரம். அதை யாரும் திருடியிருக்க மாட்டார்கள். வாடகை நிலங்களில் "ஆட்டோ ரிட்டர்ன்" என்று ஓர் ஏற்பாடு உண்டு. நிலத்தின் குழுவைச் சேராத பொருளைக் குறித்த நிமிடங்கள் கழிந்ததும் அது உரியவருக்கே திருப்பி அனுப்பிவிடும். உங்கள் பொருள்கள் இருக்கும் இன்வென்டரியில் "லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்" கோப்புறையைத் திறந்து பாருங்கள், மரம் அங்கே கிடக்கும். இந்த முறை நில உரிமையாளரின் குழுவில் சேர்ந்து, அந்தக் குழுவின் பெயர் உங்கள் தலைக்கு மேல் தெரியும்படி ஆக்டிவேட் செய்த பிறகே பொருள்களை இறக்குங்கள். குழுவில் சேர்ந்தால் மட்டும் போதாது. வைக்கும் நேரத்தில் அது ஆக்டிவாக இருக்க வேண்டும்.

பரிசு கொடுப்பீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். "நோ டிரான்ஸ்ஃபர்" என்று போட்ட பொருளை வாங்கிய பிறகு அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. பெட்டியில் வைத்துக் கட்டினால் பெட்டியையும் கொடுக்க முடியாமல் போகும். இதற்கு ஒரு விலக்கு உண்டு, நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மார்க்கெட்பிளேஸ் என்ற இணையக் கடையில் வாங்கும்போதே பரிசாக வாங்கும் பொத்தானை அழுத்தினால், பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும், பொருள் நேராக அக்காவின் இன்வென்டரியில் இறங்கும். உங்கள் கை வழியாகப் போகாததால் தடை வராது. ஆனால் அக்காவின் யூசர்நேமை எழுத்துப் பிசகாமல் இட வேண்டும். தலைக்கு மேல் அழகாகத் தெரியும் டிஸ்ப்ளே நேம் வேறு, யூசர்நேம் வேறு. தவறிப்போய் வேறொருவருக்குச் சென்றால் உங்களால் திரும்ப எடுக்க முடியாது. வாங்கியவுடனே போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் 24-ஆம் தேதிதான் பிரிக்க வேண்டுமென்றால் அன்றைக்கே வாங்குங்கள். உடை என்றால் அக்காவின் அவதார் எந்த நிறுவனத்தின் உடல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் உடலுக்குத் தைத்த உடை இன்னொன்றுக்குப் பொருந்தாது.

அறியாதவர் நீட்டும் பரிசுப் பெட்டியில் பெரிய ஆபத்து இருக்கிறது. திறந்ததும், உங்கள் கணக்கிலிருந்து லிண்டன் டாலர் எடுக்க அனுமதி வேண்டும் என்று ஓர் அறிவிப்பு வந்தால் மறுத்துவிடுங்கள். பரிசுப் பெட்டிக்கு உங்கள் பணப்பை தேவையே இல்லை. ஒரு முறை அனுமதித்தால் இருப்பு முழுவதையும் துடைத்துவிட்டுப் போகும். "இலவசக் கிறிஸ்துமஸ் மரம்" என்று குழு அறிவிப்பில் வரும் இணைப்புகளும் அப்படித்தான். கடையைப் போலவே தோன்றும் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கேட்கும்.

பனிக்கு லேண்ட் இம்பாக்ட் கவலை வேண்டாம், ஒரே ஒரு சிறு பொருள் முழு மனைக்கும் தூவும். ஆனால் பனித்துகள் கூரையில் நிற்காது, ஊடுருவிக் குடிலுக்குள்ளும் விழும். ஆகவே தூவும் பொருளைக் குடிலுக்கு நேர் மேலே வைக்காமல் முற்றத்துப் பக்கம் வையுங்கள். வானமும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு நாள் என்று சுழலும். அபௌட் லேண்டில் சூழல் பக்கம் போய் நள்ளிரவை நிலையாக வைக்காவிட்டால் ஆராதனை நடுவில் சூரியன் எழும்.

கீர்த்தனையை எல்லோரும் ஒரே குரலில் பாட முயல வேண்டாம். டர்பன் குரல் சென்னைக்குப் போய்த் திரும்புவதற்குள் தாளம் தப்பும். ஒருவர் பாடட்டும், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு வீட்டிலிருந்தே சேர்ந்து பாடட்டும்.

நேரம்: செகண்ட் லைஃப் கடிகாரம் அமெரிக்கப் பசிபிக் நேரம். டிசம்பரில் டர்பனுக்குப் பத்து மணி நேரம் பின்னால் ஓடும். இங்கே இரவு 8 என்றால் அங்கே காலை 10, மொரீஷியஸில் இரவு 10, சென்னையில் இரவு 11:30. அக்காவுக்கு நடுநிசி ஆராதனை தட்டாமல் இருக்க 7 மணிக்கே தொடங்குங்கள்.

பிள்ளைகளில் 16, 17 வயதுக்காரர்கள் "ஜெனரல்" என்று வகைப்படுத்திய ரீஜனுக்குள் மட்டுமே வர முடியும். இதையும் கவனன்ட் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். அதற்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தனிக் கணக்கு தொடங்காமல் பெற்றோர் பக்கத்தில் அமர்ந்து பார்க்கட்டும்.

அன்றிரவு மின்சாரம் போகலாம். ரவுட்டருக்கு மட்டும் மினி யுபிஎஸ் வாங்கினால் போதாது, சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். இரண்டின் வோல்டேஜையும் அடாப்டரில் பார்த்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.