கேளுங்க அக்கா: படிச்ச படிப்பு அடுப்படிக்குத்தானா?

கேள்வி: பேராதனையில் கலைப்பட்டம் முடித்தேன். மூத்தவனுக்கு நாலு வயது, சின்னவளுக்கு ஒன்றரை. கணவர் ஆசிரியர், ஹட்டன் டவுனில் வாடகை வீடு. நான் வேலைக்குப் போகவில்லை. "கெம்பஸ் படிச்சு என்னத்தைக் கண்டா" என்று மாமி வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். அதுகூடப் பரவாயில்லை, ஏஎல் (உயர்தரம்) பாஸாகிவிட்ட என் தங்கச்சியை, என்னைக் காட்டியே "இவளும் எதுக்கு அவ்வளவு தூரம், ஒரு கோர்ஸ் போதும்" என்கிறார்கள் எங்கள் வீட்டில். என் படிப்பு வீண்தானா? (வாசகி, ஹட்டன்)

பதில்: முதலில் தங்கச்சி விஷயம், ஏனென்றால் உங்கள் மாமி காத்திருப்பார், பல்கலைக்கழக விண்ணப்பத் திகதி காத்திருக்காது. ஏஎல் பெறுபேற்றை வைத்துக் கணிக்கிற இசட் புள்ளி வந்த கையோடு பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை எடுத்து வைத்து இருவரும் உட்கார்ந்து நிரப்புங்கள். பெரும்பாலான துறைகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அதில் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன. எந்தப் பட்டப்படிப்பை எந்த வரிசையில் போட வேண்டும் என்று அவளுக்குச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருக்கிறதே, அது யாரால்?

மாமியை ரொம்பக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இலவசக் கல்வி 1945இல் வந்தது, ஆனால் தேயிலைத் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வர எழுபதுகள் ஆனது, அதற்கிடையில் 1948இல் நம் மலையகத் தமிழருக்குக் குடியுரிமையும் போய்விட்டது. அஞ்சாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கிய தலைமுறை அது. நம்மூரில் படிப்பு என்றாலே லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு வெளியேற ஓர் உத்தியோகம், மாதச் சம்பளம், அவ்வளவுதான் கணக்கு. சம்பளம் வராத பட்டம் அந்தக் கணக்கில் நட்டம். அவர் சொல்வது சரி என்று சொல்லவில்லை, எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

எனக்கு இதில் எரிச்சல் வேறொன்று. கொழுந்து பறிக்கிற அம்மாவுக்காவது பிள்ளையை விட்டுவிட்டுப் போகத் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்காம்பரா (பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்) இருக்கிறது, டவுனில் வாடகைக்கு இருக்கிற பட்டதாரி அம்மாவுக்கு அதுவும் இல்லை. மாமி பார்த்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் வீடு. ஆக, நீங்கள் வீட்டில் இருப்பதற்குக் காரணம் பட்டமா, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாததா? இதை மாமியிடமே ஒருநாள் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள்.

படித்த அம்மா பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாள் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதற்காக மட்டும்தான் நீங்கள் படித்தீர்கள் என்றால் எனக்கே கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. வெளியே பாருங்கள். அப்பாவின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, தோட்டத்துப் பதிவில் இன்னொரு மாதிரி, அதனாலேயே ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசு இழுபடுகிற வீடுகள் நம்மிடம் எத்தனை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழை, அதற்கு ஒரு திருத்த விண்ணப்பம், அது நிரப்ப ஆளில்லாமல் டவுனில் காசு கொடுத்து எழுதுவிக்கிறார்கள். சிங்களத்தில் மட்டும் ஒரு கடிதம் வந்தால், 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது, தமிழில் தாருங்கள் என்று பயமில்லாமல் திருப்பி எழுதத் தெரிந்தவள் உங்கள் அக்கம்பக்கத்தில் நீங்கள் ஒருத்தியாகத்தான் இருப்பீர்கள்.

அதற்காக வேலையை மறந்துவிடவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை வர்த்தமானியை விடாமல் பாருங்கள், பட்டதாரி நியமனங்களில் வயதெல்லை இருக்கும், அது தாண்டிய பிறகு வருத்தப்பட்டுப் பிரயோசனம் இல்லை. திறந்த பல்கலைக்கழகத்துக்குக் கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய நிலையம் இருக்கிறது, சின்னவள் கொஞ்சம் வளர்ந்ததும் தமிழ்மொழியில் என்ன படிப்பு இருக்கிறது என்று விசாரியுங்கள். சான்றிதழ்களை அலமாரியில் ஈரம் படாமல் வையுங்கள், நம்மூர் மழைக்கு அதுவும் ஒரு வேலைதான்.

கேள்வி: மனைவி பட்டதாரி. பிள்ளை ஸ்கூல் போகும் வரை வீட்டில் இருக்கட்டும் என்கிறேன். தப்பா? (வாசகர், பண்டாரவளை)

பதில்: அவரும் அதையே சொன்னால் தப்பில்லை. அவரிடம் கேட்டீர்களா என்பதைக் கடிதத்தில் எழுதவில்லையே! சரி, இருக்கட்டும். அப்படி இருக்கிற காலத்துக்கு அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு திறந்து, மாதாமாதம் அதில் ஏதாவது போடுங்கள். வீட்டுச் செலவுக்குக் கொடுக்கிற காசில் சேராது அது.

கேள்வி: வீட்டிலேயே அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பு எடுக்கிறேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் காசு வாங்கக் கூச்சமாக இருக்கிறது. (வாசகி, தலவாக்கலை)

பதில்: வாங்குங்கள். முடியாத பிள்ளை இருந்தால் நீங்களே பார்த்து விட்டுவிடுவீர்கள், அது எனக்குத் தெரியும். மற்றவர்கள் டவுனில் கொடுக்கிற காசை உங்களுக்குக் கொடுக்கட்டும்.