வட்ஸ்அப் குழுவில் இட்ட காணி உறுதிகளை நிறுவனம் பார்க்கிறதா?

உங்கள் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் காணி உறுதிகளை இட்ட பின், தரகர் ஒருவருக்கு உங்கள் காணி இலக்கம் தெரிந்துவிட்டது என்றும், நிறுவனமே அதைப் பார்த்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது வட்ஸ்அப் நிறுவனம் வழியாகத் தெரிந்தது அன்று. 2016 முதல் செய்திகளும் படங்களும், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடியவாறு குறியாக்கப்பட்டே செல்வதால், நிறுவனத்தால் அவற்றைத் திறந்து பார்க்க இயலாது.

ஒட்டுசுட்டான் அச்சுக் கடையில் உறுதிகளைப் படியெடுக்கச் சங்கச் செயலாளர் தம் வட்ஸ்அப்பைக் கடைக் கணினியில் திறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுவே வாசல். அவருடைய கைப்பேசியில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைத் திறந்து, அக்கணினி இன்னும் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். ஏற்கெனவே பதிவிறக்கப்பட்ட படங்களை இதனால் மீட்க முடியாது.

ஆயினும் நிறுவனத்தின் மீது சங்கத் தலைவருக்குள்ள ஐயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். பேஸ்புக் நிறுவனம் 2014 இல் வட்ஸ்அப்பை வாங்கியபோது, இரு சேவைகளின் பயனர் கணக்குகளையும் தானியங்கியாக நம்பகமான முறையில் பொருத்த இயலாது என்று ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் கூறியது; ஆனால் 2016 இல் அதற்கே வழிசெய்தது; தவறான தகவல் தந்ததற்காக 2017 இல் அதற்கு 11 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. இன்று மெட்டா எனப்படும் அந்நிறுவனத்தின் பங்குதாரர் வாக்குரிமையில் பெரும்பான்மை அதன் தலைவர் மார்க் சக்கர்பேர்க் ஒருவரின் கையில் இருப்பதால், மற்றப் பங்குதாரர்கள் அனைவரும் ஒன்றுகூடி எதிர்த்தாலும் அவருடைய முடிவை மாற்ற முடியாது. யார் யாருடன், எப்போது தொடர்புகொள்கிறார் என்ற விபரம் அந்நிறுவனத்திடம் சேர்கிறது. இடம்பெயர்ந்து மீண்டு, காணிக்காக இன்றும் அலையும் மக்களுக்கு இது சிறிய விடயமல்ல.

உரையாடல்களைச் சேமித்து வைக்கும் காப்புப்பிரதியின் குறியாக்கத்தை வட்ஸ்அப் அமைப்புகளில் தனியாக இயக்க வேண்டும். எல்லோரும் இயக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அடையாள அட்டைப் படங்களை இனிக் குழுவில் இட வேண்டாம்.