இரண்டு மீட்டர் எங்கிருந்து?

கேள்வி: என் மகன் பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து அணியில் ரைட் பேக் (வலப்பக்கத் தடுப்பாட்டக்காரன்). வெளியே போன பந்தைப் பக்கக் கோட்டிலிருந்து கையால் உள்ளே எறிய, அதாவது த்ரோ போட, அவன் போகும்போதெல்லாம் எதிரணிப் பையன் கோட்டை மிதிக்காத குறையாக வந்து மூஞ்சிக்கு நேரே நிற்கிறான். நடுவரும் ஒன்றும் சொல்வதில்லை. இது சரியா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: சரியில்லை. கால்பந்து விதிகளில் 15-ஆவது விதி த்ரோ-இன் பற்றியது. எதிரணியினர் குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. பெரிய ஆள் எட்டி வைத்தால் இரண்டு தப்படி. கோல்போஸ்ட்டின் உயரம் 2.44 மீட்டர், அதைச் சாய்த்துப் படுக்க வைத்தால் எவ்வளவு நீளமோ, அதில் கொஞ்சம் குறைவு. நான் நடுவராக இருந்தபோது பையன்களுக்கு அப்படித்தான் காட்டிக் கொடுப்பேன்.

நான் விசில் பிடித்த புதிதில் இந்த இரண்டு மீட்டர் கணக்கே கிடையாது. எறிபவரை நியாயமில்லாமல் தொந்தரவு செய்யக் கூடாது என்பதோடு சரி. தூர அளவு 2005-இல்தான் விதிக்குள் வந்தது. அதற்கு முன்பு ஆடியவர்கள் இன்று பயிற்சியாளர்களாக இருக்கிறார்கள். தாங்கள் பழகியதை அப்படியே பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்து விடுகிறார்கள். உங்கள் ஊர் மைதானத்திலும் அதுதான் நடக்கிறதோ என்னவோ.

இது சின்ன விஷயம் என்று நினைக்கும் நடுவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. மூஞ்சிக்கு நேரே ஆள் நின்றால் சின்னப் பையன் என்ன செய்வான்? அவன் தலைக்கு மேலே தூக்கிப் போட வேண்டும் என்று உடம்பை முறுக்கி எறிவான். பின்னங்கால் முழுதாகத் தரையை விட்டு எழும்பிவிடும். இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும் என்பது விதி. உடனே ஃபவுல் த்ரோ (தவறான எறிதல்), பந்து எதிரணிக்கு. தப்பு செய்தவனுக்கே பந்து போய்ச் சேருகிறது.

கேள்வி: இரண்டு மீட்டர் என்பது எறிபவரிடமிருந்தா, கோட்டிலிருந்தா? (காரைக்கால் வாசகர்)

பதில்: நல்ல கேள்வி. பல வருஷம் நடுவராக இருப்பவர்களே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நானும் தடுமாறியிருக்கிறேன். பள்ளி மாணவிகளுக்கான ஒரு போட்டி. முதல் நாள் மழை பெய்து பந்து ஈரமாக இருந்தது. த்ரோ போட வந்த பெண் ஜெர்சியில் பந்தைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து எறிவதற்காக இரண்டு எட்டு பின்னால் போனாள். எதிரணி ஃபார்வர்டு கூடவே முன்னால் வந்து, ஷூ நுனியைச் சுண்ணாம்புக் கோட்டின் உள்விளிம்பில் வைத்தாள். “தள்ளி நில்லும்மா” என்றேன். “அவகிட்ட இருந்து ரெண்டு மீட்டர் தள்ளித்தான் சார் நிக்கிறேன்” என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, விட்டுவிட்டேன். பந்து அவள் முழங்கையில் பட்டு வெளியே போனது. இன்றைக்கும் த்ரோ போட்ட அந்தப் பெண்ணின் முகம் ஞாபகத்தில் இருக்கிறது.

2019-இல் இதற்கு வார்த்தைகளிலேயே விடை எழுதிவிட்டார்கள். பக்கக் கோட்டில் எந்த இடத்திலிருந்து த்ரோ எடுக்க வேண்டுமோ அந்த இடத்திலிருந்து இரண்டு மீட்டர். எறிபவர் கோட்டுக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி நின்றாலும் அதே கணக்குதான். எறிபவர் பின்னால் போனார் என்பதற்காக எதிரணிக்காரர் ஓர் அங்குலம்கூட முன்னால் வர முடியாது. நம் ஊர் மைதானங்களில் கோட்டை ஒட்டியே கூட்டம் நிற்கும், பின்னால் நகர இடமே இருக்காது. அங்கும் அளவு கோட்டிலிருந்து உள்ளே இரண்டு மீட்டர்தான்.

கேள்வி: மீறினால் என்ன தண்டனை? (வியாசர்பாடி வாசகர்)

பதில்: பந்து கையை விட்டுப் போகும் முன்பு என்றால், நடுவர் தள்ளி நிற்கச் சொல்வார். கேட்காவிட்டால் மஞ்சள் அட்டை. த்ரோ அதே அணிக்குத்தான். எறிபவரைத் தடுக்கவென்று இரண்டு மீட்டருக்குள் புகுந்து, அதற்குள் த்ரோவும் போட்டாகிவிட்டது என்றால், மஞ்சள் அட்டையோடு எறிந்த அணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேரடியாக கோல் போட முடியாத ஃப்ரீ கிக்).

தூரம் மட்டும் போதாது, கவனத்தைக் கலைப்பதும் குற்றம். 2008-இல் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஸ்டோக் சிட்டிக்கு ரோரி டெலாப் என்று ஒருவர் ஆடினார். அவர் த்ரோ எறிந்தால் கார்னர் கிக் மாதிரி நேராக கோல் வாசலுக்கே போய் விழும். ஹல் சிட்டியின் மாற்று ஆட்டக்காரர் டீன் வின்டாஸ், உடம்பைச் சூடேற்றுகிறேன் என்று அவர் எறிய ஓடி வரும் இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். வின்டாஸ் அன்று களத்தில் இறங்கவே இல்லை. நடுவர் செய்தது முழுக்கச் சரி.

கேள்வி: குறுக்கே நிற்பவன் முதுகைக் காட்டி நின்றால், அவன் மேலேயே பந்தைப் போட்டு எடுத்துக்கொள்ளலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: எடுத்துக்கொள்ளலாம், விதி அனுமதிக்கிறது. ஆனால் மெதுவாகப் போட வேண்டும். ஓங்கி எறிந்தாலோ, அஜாக்கிரதையாக எறிந்தாலோ அது குற்றம். பந்து அவன் முதுகில் பட்ட பிறகு நீங்கள் தாராளமாக ஆடலாம்.

கேள்வி: நடுவர் கவனிக்கவில்லை என்றால் பையன் என்ன செய்ய வேண்டும்? (தூத்துக்குடி வாசகரே இதையும் கேட்டிருக்கிறார்)

பதில்: பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடுவரைப் பார்த்து, “சார், ரெண்டு மீட்டர்” என்று ஒரே ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள். எதிரே நிற்பவனிடம் வாக்குவாதம் வேண்டாம். அப்புறம், கோட்டை ஒட்டியே நம் சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்) பக்கத்தில் எதிரணி ஆள் இல்லாமல் நின்றால் எதற்கும் காத்திருக்காமல் அவருக்குப் போட்டுவிடலாம். எறிந்து முடிக்கும்வரை இரண்டு பாதங்களும் தரையில் இருக்க வேண்டும். அதை மட்டும் வீட்டு வாசலில் தினமும் இருபது தடவை பழகச் சொல்லுங்கள்.