மாத்திரையை நிறுத்தும் முன் கேளுங்கள்

வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிட்டு வந்தேன். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயத்தில் நிறுத்திவிட்டேன். சரிதானே?

சரியில்லை. இன்றைக்கே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது உண்மைதான். 100 குழந்தைகளில் 10 குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடும், 30, 40 குழந்தைகளுக்கு வளர்ச்சியில் சிக்கலும் வரலாம். ஆனால் திடீரென்று நிறுத்தினால் வரும் தொடர் வலிப்பு உங்கள் உயிருக்கே ஆபத்து. லெவடிராசெட்டம், லாமோட்ரிஜின் போன்ற வேறு வலிப்பு மாத்திரைகளுக்கு மாறுவதெல்லாம் கருத்தரிக்கச் சில மாதங்கள் முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கருத்தரித்த 4 வாரத்திலேயே மூடிவிடும். மாதவிடாய் தள்ளிப்போனதை நீங்கள் கவனிக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும். ஃபோலிக் அமிலத்தையும் முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான்.

லாமோட்ரிஜின் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஐந்தாம் மாதத்தில் வலிப்பு வந்துவிட்டது. ஏன்?

கர்ப்பத்தில் அந்த மருந்து உடலைவிட்டு வேகமாக வெளியேறும். ரத்தத்தில் அளவு பார்த்து டோஸைக் கூட்டுவார்கள். பிரசவமானதும் குறைக்க மறந்தால் தலைசுற்றும். அதையும் இப்போதே பேசி வையுங்கள்.

சர்க்கரை நோய். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 9.8. இந்த மாதமே குழந்தைக்கு முயற்சி செய்யலாமா?

வேண்டாம். 6.5-க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அதுவரை கருத்தடை அவசியம். விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பரிசோதியுங்கள். ரத்த அழுத்த மாத்திரையின் பெயர் ‘ப்ரில்’ அல்லது ‘சார்டன்’ என்று முடிந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

என் மகளுக்கு 29 வயது. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். திருமணமாகி இரண்டு வருடமாகிறது. குழந்தை வேண்டும் என்கிறாள். வேண்டாம் என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சொல்ல மாட்டேன். வயதை எழுதியிருக்கிறீர்கள், விபத்தை எழுதியிருக்கிறீர்கள். எந்த முள்ளெலும்பில் அடி, சிறுநீர் எப்படிக் கழிக்கிறார் என்பது இல்லை. மகள் சொன்னதாக ஒரே ஒரு வரி இருக்கிறது, அதையும் மறுக்கத்தான் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனைகளிலும் இதே கதைதான். நாற்காலியில் இருப்பவரைத் தாண்டி, அதைத் தள்ளி வந்தவரிடம் “கடைசி மாதவிடாய் எப்போது?” என்று கேட்கிறார்கள். எடை பார்க்கும் மேடையில் அவரால் நிற்க முடியாது என்பதற்காக எடையே பார்க்காமல் ‘சுமார் 55’ என்று எழுதிக்கொள்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பரின் ஊசியின் அளவு அந்த எடையை வைத்துத்தான் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. எத்தனை முறை சொல்லியும் மாறாத விஷயம் இது.

இனி மருத்துவம். அடிபட்ட சில மாதங்களில் மாதவிடாய் திரும்பிவிடும்; கருத்தரிக்கும் திறன் பொதுவாகக் குறைவதில்லை. கவனிக்க வேண்டியவை சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண், காலில் ரத்தக் கட்டி. மார்புப் பகுதியின் 6-ஆம் முள்ளெலும்போ அதற்கு மேலோ அடி என்றால் இன்னொன்றும் உண்டு: பிரசவ வலியின்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறி, தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் வியர்க்கும். இதைக் கர்ப்பகால ரத்த அழுத்தம் என்று தவறாக எடுத்துக்கொள்வார்கள். உட்கார வைப்பது, சிறுநீர்ப்பையைக் காலி செய்வது, முதுகில் போடும் மரப்பு ஊசியான எபிடூரலை முன்கூட்டியே போடுவது என்று திட்டம் கையில் இருக்க வேண்டும். 10-ஆம் முள்ளெலும்புக்கு மேல் அடி என்றால் வலி தெரியாமல் போகலாம். வயிறு இறுகுவதைக் கையால் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலி என்ற ஒரே காரணத்துக்காக சிசேரியன் தேவையில்லை.

யார் வளர்ப்பது என்று கேட்பீர்கள். நாற்காலியின் உயரத்துக்கு, பக்கவாட்டில் திறக்கும் தொட்டில் இருந்தால் அவரே பிள்ளையை எடுப்பார். மாற்றுத்திறனாளிகள் குடும்பம் அமைத்துக்கொள்ளும் உரிமையை 2006-இல் ஐ.நா. உடன்படிக்கையே 23-ஆவது பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. அடுத்த கடிதத்தை மகள் எழுதட்டும்.

எனக்கு லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்). அதற்குச் சாப்பிடும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்பத்தில் நிறுத்த வேண்டுமா?

கூடாது. நிறுத்தினால்தான் நோய் கிளம்பும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைகோஃபெனலேட் மாத்திரையும் இருந்தால் கருத்தரிக்கக் குறைந்தது 6 வாரம் முன்பே அதை மாற்றிவிட வேண்டும். நோய் 6 மாதமாவது அடங்கியிருந்த பிறகே முயற்சி.

எனக்கு இதயத்தில் சின்னப் பிரச்சினை. குழந்தை பெறலாமா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

எந்த வால்வு, என்ன மருந்து, எக்கோ அறிக்கை என்ன சொல்கிறது? எதுவும் எழுதாமல் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு ஒரே வரியில் பதில் கேட்காதீர்கள். நுரையீரல் ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தால் கர்ப்பமே வேண்டாம் என்போம். தாய் இறக்கும் அபாயம் அவ்வளவு அதிகம்.

குடல் அழற்சிக்கு சல்ஃபாசலசின் சாப்பிடுகிறேன். விந்தணு எண்ணிக்கை குறைவு என்கிறார்கள். (ஆண்)

மாத்திரை காரணமாக இருக்கலாம். மாற்று மருந்துக்குப் போனால் 2, 3 மாதத்தில் எண்ணிக்கை மீளும். மாற்றுவது மருத்துவர் வேலை, நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நானும் கணவரும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். குழந்தைக்கும் அப்படித்தானா?

மரபணுவைப் பொறுத்தது. இருவருக்கும் ஒரே ஒடுங்கு மரபணுவால் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே குறையைக் காட்டும் மரபணு) வந்திருந்தால் குழந்தைகளுக்கும் கேட்காது. வெவ்வேறு என்றால் பெரும்பாலும் கேட்கும். மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். குழந்தைக்குக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் முதல் நாளிலிருந்தே சைகை மொழியில் பேசுங்கள். குழந்தை அழுதால் தலையணைக்கடியில் அதிரும் கருவி கிடைக்கிறது. பிரசவத்துக்கு முன்பே வாங்கிச் சோதித்துப் பாருங்கள்.