ஜாவா பொருளை எக்ஸ்எம்எல் ஆக மாற்றும்போது அனோட்டேஷன் என்ன செய்கிறது?

அனோட்டேஷன் என்பது, ஜாவா வகுப்பின் மீதோ அதன் உறுப்பின் மீதோ '@' குறியுடன் எழுதப்படும் சிறு குறிப்பு. பொருளை எக்ஸ்எம்எல் (தரவைக் குறிகளுக்கிடையே எழுதும் உரை வடிவம்) ஆக எழுதும் ஜேஏஎக்ஸ்பி (JAXB) நூலகம் அதைப் படித்து அதன்படி நடக்கிறது. நிரலில் நாம் வைத்த பெயரும், எக்ஸ்எம்எல்-ஐப் பெறுபவர் எதிர்பார்க்கும் பெயரும் பெரும்பாலும் வேறுபடுவதால்தான் இது தேவைப்படுகிறது.

பெங்களூரில் அல்சூரிலிருந்து வைட்ஃபீல்டுக்கு வீடு மாற்றுகிறவர்கள் பெட்டிகளின் மேல் சீட்டு ஒட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள்: 'சமையலறை' என்ற சீட்டைப் போலப் பெயர் சூட்டுவது @எக்ஸ்எம்எல்எலிமென்ட், 'இதை ஏற்ற வேண்டாம்' என்பதைப் போன்றது @எக்ஸ்எம்எல்டிரான்சியன்ட், மதிப்பைத் தனி எக்ஸ்எம்எல் உறுப்பாக அன்றி, தொடக்கக் குறிக்குள்ளேயே பண்பாக எழுதச் சொல்வது @எக்ஸ்எம்எல்ஆட்ரிபியூட்.

புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இயல்பு அமைப்பில் ஜேஏஎக்ஸ்பி பப்ளிக் (public) கெட்டர், செட்டர் இணைகளை, அதாவது மதிப்பைப் படிக்கும், மாற்றும் செயல்முறைகளைத் தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்வதால், பிரைவேட் (private) மாறியின் மீதும் குறிப்பை எழுதினால் ஒரே பெயரில் இரு பண்புகள் இருப்பதாகப் பிழை எழும். குறிப்பை கெட்டர் மீது எழுதுங்கள், அல்லது வகுப்பின் மேல் @எக்ஸ்எம்எல்ஆக்சஸர்டைப் இட்டு 'ஃபீல்டு' எனக் குறிப்பிடுங்கள். 2018இல் வந்த ஜாவா 11 முதல் இந்நூலகத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

@எக்ஸ்எம்எல்டிரான்சியன்ட் இட்டால் மதிப்பே அழிந்துவிடும் என்று பலர் கருதுகின்றனர். அம்மதிப்பு எக்ஸ்எம்எல்-இல் இடம்பெறாதே தவிர, பொருளில் அப்படியே இருக்கும்.